தமிழை இரண்டாம் மொழியாகப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கட்டுரையை ஏஐ கொண்டு எளிமையாக்கலாமா?

கேள்வி கேட்டிருப்பவர் காரைக்குடியில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை, எங்கள் வழக்கத்தில் ஆச்சி. சிங்கப்பூர், கோலாலம்பூர், டாலஸ் என்று பிரிந்து கிடக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் உறவுக்காரப் பிள்ளைகளுக்கும் வீடியோவில் தமிழ் சொல்லித் தருகிறார். பிள்ளைகளுக்கு வயது ஒன்பதிலிருந்து பதின்மூன்று. வீட்டில் பேசினால் புரிந்துகொள்கிறார்கள், எழுத்துக்கூட்டி வாசிக்கவும் தெரியும். ஆனால் நம் ஊரைப் பற்றி ஒரு கட்டுரையைக் கொடுத்தால் இரண்டாவது வரியிலேயே நின்றுவிடுகிறார்கள். அந்தக் கட்டுரையை ஏஐயிடம் கொடுத்து எளிமையாக்கிக் கொடுக்கலாமா, அப்படிக் கொடுத்தால் பிள்ளைகளின் தமிழ் வளருமா தேயுமா, எப்படிக் கேட்டால் நல்லபடியாக வரும், இதற்குப் பணம் கட்ட வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள்.

கொடுக்கலாம் ஆச்சி, தயங்க வேண்டாம். ஆனால் "இதை எளிமையாக்கு" என்று ஒற்றை வரியில் கேட்டால் வருவது பெரும்பாலும் உதவாது. சில சமயம் மூலத்தைவிடக் கடினமாகவே வந்து நிற்கும். இந்தக் கருவிகள் படித்து வளர்ந்த எழுத்தில் பெரும்பங்கு ஆங்கிலம். எளிமை என்றால் என்ன என்பதையும் அவை ஆங்கிலத்திலிருந்துதான் எடுத்துக்கொண்டிருக்கின்றன: வாக்கியத்தைச் சின்னதாக்கு, அரிய சொல்லை எடுத்துவிட்டுத் தெரிந்த சொல்லைப் போடு. தமிழில் நம் பிள்ளைகள் தடுக்கி நிற்கும் இடங்கள் வேறு. அந்த இடங்களை நாம் எடுத்துச் சொன்னால் ஏஐ நன்றாகவே செய்கிறது.

முதலில் தேயுமா என்ற பயத்தைப் பார்ப்போம். 1920களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் ஏறக்குறைய இதே சிக்கலை எதிர்கொண்டார். வங்காளப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் ஆங்கிலம் படிக்கிறார்கள், ஆனால் ஒரு புத்தகத்தைத் தானாக வாசிக்க வரவில்லை. பாடநூலைப் பிரித்துப் பார்த்தால், ஒரு புதுச்சொல் பழகுவதற்குள் அடுத்தது வந்து மோதுகிறது. அவர் இரண்டு வேலை செய்தார். பழைய, அரிய சொற்களுக்குப் பதிலாக அடிக்கடி புழங்கும் சொற்களை வைத்தார். புதுச்சொற்களுக்கு நடுவே நல்ல இடைவெளி விட்டு, ஒருமுறை வந்த சொல் திரும்பத் திரும்ப வரும்படி எழுதினார். இன்று உலகம் முழுக்க மொழி கற்பவர்களுக்காக வரும் படிநிலை வாசிப்பு நூல்களுக்கு இந்த வேலை ஒரு முன்னோடி. 1953இல் அவர் வெளியிட்ட சுமார் 2,000 சொற்கள் கொண்ட ஆங்கில அடிப்படைச் சொற்பட்டியல் பல பத்தாண்டுகள் ஆசிரியர்களுக்குக் கைகொடுத்தது.

எத்தனை சொல் தெரிந்திருந்தால் ஒரு பிள்ளை துணையில்லாமல் படிக்கும்? ஹு, பால் நேஷன் என்ற இரு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் இதை ஆங்கிலக் கதை ஒன்றை வைத்துச் சோதித்தார்கள். ஏறக்குறைய 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று வந்தது. அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் தெரியாததாக இருக்கலாம். நூற்றுக்கு எண்பது தெரிந்தால் போதும் என்றுதான் நமக்குத் தோன்றும். அந்த நிலையில் இருந்தவர்களில் யாருக்குமே கதை போதுமான அளவு புரியவில்லை. இதை ஆங்கிலத்தில் அளந்தார்கள், தமிழுக்கு அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. இருந்தாலும் நீங்கள் கொடுக்கும் கட்டுரையில் ஐம்பது சொல்லை எண்ணி, பிள்ளைக்குத் தெரியாதவற்றைக் கோடிட்டுப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு வந்தால் அந்தப் பிள்ளை நிற்பதில் வியப்பே இல்லை. அது வாசிப்பதில்லை, புதிர் அவிழ்க்கிறது. அப்படிப்பட்ட பத்தியை மாதம் முழுக்கத் திணிப்பதால்தான் தமிழ் தேயும். புரிகிற தமிழை நிறைய வாசிக்கிற பிள்ளைக்கு வளரும்.

சரி, தமிழில் எது கடினம்? சொற்பொருள் தெரியாமல் பிள்ளைகள் நிற்பது பாதிதான். மீதிப் பாதி, தெரிந்த சொல்லே அடையாளம் தெரியாமல் நிற்பது. "வீடு" தெரியும். "வீட்டுக்கு" தெரியும். "வீட்டிற்குள்ளிருந்து" என்று ஒரே மூச்சில் வந்தால் அது புதுச்சொல். "போனாங்க" என்று அம்மா சொல்வது காதில் இருக்கிறது. "போயிருக்கமாட்டார்களோ" என்பதைக் கண் எழுத்தெழுத்தாக மேய்ந்து முடிப்பதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் மறந்துபோகிறது. ஏஐ இந்தச் சொற்களைக் கடினம் என்றே எண்ணுவதில்லை, ஏனென்றால் அதற்கு வேர்ச்சொல் எளிது. அரிய சொல் எதுவும் இல்லை என்று விட்டுவிடும். நீங்கள்தான் "நீண்ட ஒட்டுச் சொல்லைப் பிரித்து எழுது" என்று சொல்ல வேண்டும். "வீட்டுக்கு உள்ளே இருந்து" என்று எழுதினால் மூன்று சொல்லும் பிள்ளைக்குத் தெரிந்தவை.

இன்னொன்று, நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது: பேசினால் புரிகிறது. வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இது பெரிய சொத்து. வேறு மொழிக்காரர் ஒருவர் தமிழ் கற்கும்போது காதில் எதுவும் இல்லாமல் தொடங்குகிறார். உங்கள் பேத்திக்கு அப்பத்தாவின் பேச்சு முழுக்கக் காதில் இருக்கிறது. அவளுக்கு "சொன்னார்" எளிது, "கூறினார்" கடினம். "வீடு" எளிது, "இல்லம்" கடினம். "இருக்கிறது" எளிது, "உள்ளது" கடினம். ஏஐ எழுதும் தமிழோ செய்தித்தாளிலும் அரசு அறிக்கையிலும் மொழிபெயர்ப்பிலும் ஊறியது. எளிமையாக்கச் சொன்னாலும் "தயாரிக்கப்படுகிறது", "பயன்படுத்தப்படுகிறது" என்று முடிக்கும். எந்த வீட்டிலும் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ஆகவே பிள்ளையின் காதில் இருக்கும் சொல்தான் எளிய சொல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கணம் எழுத்துத் தமிழாக இருக்கட்டும், சொல் வீட்டுச் சொல்லாக இருக்கட்டும். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 2005இல் நடந்த தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு பேச்சுத் தமிழுக்குத் தனி இடம் கொடுத்தார்கள். அங்கே படிக்கும் பிள்ளைக்கு இந்தப் பாலம் இன்னும் நன்றாக வேலை செய்யும்.

ஒரு பத்தியை எடுத்துக் காட்டினால் தெளிவாகிவிடும். செட்டிநாட்டு வீடுகளில் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் முறையைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த பத்தி இது:

"கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதனுள் பூ வடிவ அச்சைப் பொருத்தி, ஒவ்வொரு கட்டத்திலும் வெவ்வேறு வண்ணக் கலவையை ஊற்றியதும் அச்சை மெல்லத் தூக்கிவிடுவார்கள். அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் கலந்த தூளைத் தூவி, ஈரக் கலவையைப் பரப்பி மட்டம் தட்டுவார்கள். சூளையில் சுடப்படாததால், காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்தால்தான் கல்லுக்கு உறுதி கிடைக்கும். கண்ணாடியின் வழவழப்பு கல்லின் முகத்துக்கு வந்துவிடுவதால் தனியாக மெருகேற்ற வேண்டியதில்லை."

"பத்து வயதுப் பிள்ளைக்கு எளிமையாக்கு" என்று மட்டும் கேட்டபோது வந்தது:

"ஆத்தங்குடி டைல்ஸ் மிகவும் அழகானது. முதலில் கண்ணாடியை எடுக்க வேண்டும். அதன் மேல் அச்சு வைக்க வேண்டும். வண்ணம் ஊற்ற வேண்டும். சிமெண்ட் தூவ வேண்டும். பிறகு சூளையில் சுட வேண்டும். தண்ணீரில் வைக்க வேண்டும். கண்ணாடி வழவழப்பாக இருக்கும். டைல்ஸ் பளபளப்பாக இருக்கும். இது நமது பாரம்பரியத்தின் சிறப்பு."

வாக்கியம் எல்லாம் சின்னது. பார்வைக்கு எளிமைதான். ஆனால் என்ன போயிற்று என்று பாருங்கள். சுடாத கல்லைச் சுட்டுவிட்டது. கல் என்றால் சூளை என்ற பொதுப் பழக்கம் உள்ளே புகுந்து, "சுடப்படாததால்" என்ற எதிர்மறையை விழுங்கிவிட்டது. தமிழில் எதிர்மறை ஒரு சொல்லின் வயிற்றுக்குள் "ஆத" என்று ஒளிந்திருக்கும். ஏஐ எளிமையாக்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான். அடுத்து, ஏன் தண்ணீரில் வைக்கிறார்கள் என்பது போயிற்று. கண்ணாடியின் வழவழப்புக்கும் கல்லின் பளபளப்புக்கும் என்ன தொடர்பு என்பதும் போயிற்று. இரண்டு வாக்கியமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, நடுவே இருந்த "ஆல்" காணோம். நாம் வயதானவர்கள், தொடர்பை ஊகித்துக்கொள்வோம். இரண்டாம் மொழியில் படிக்கும் பிள்ளைக்குத்தான் அந்த ஊகம் கடினம். மூலத்தில் இல்லாத அழகும் பாரம்பரியமும் முன்னாலும் பின்னாலும் வந்து ஒட்டிக்கொண்டன. எல்லா வரியும் "வேண்டும்" என்று முடிவதால், ஊரில் கைத்தொழிலாகச் செய்யும் மனிதர்களும் காணாமல் போனார்கள்.

இது ஏஐக்கு மட்டும் உள்ள குணம் இல்லை. அமெரிக்காவில் 1948இல் ருடால்ஃப் ஃபிளெஷ் என்பவர் வாக்கிய நீளத்தையும் சொல்லின் அசைகளையும் எண்ணி, வாசிக்க எவ்வளவு எளிது என்று கணக்கிடும் சூத்திரம் ஒன்றைக் கொடுத்தார். இப்படிப்பட்ட சூத்திரங்கள் பரவியதும் பாடநூல் தயாரிப்பவர்கள் மதிப்பெண்ணுக்காக வாக்கியங்களை வெட்டத் தொடங்கினார்கள். 1982இல் ஆலிஸ் டேவிசன், ராபர்ட் காண்டர் என்ற இருவர் அப்படி வெட்டிய பாடங்களை மூலத்தோடு ஒப்பிட்டு, இணைப்புச் சொற்கள் விழுந்துபோய்ப் படிப்பவர் தானாக ஊகிக்க வேண்டிய சுமை கூடியிருப்பதைக் காட்டினார்கள். தமிழில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். "வைத்து, பொருத்தி, ஊற்றியதும்" என்று வினையெச்சங்களால் கோத்து, எது முன்னால் எது பின்னால், எது காரணம் எது விளைவு என்பதையெல்லாம் வினையின் வாலில் வைக்கிற மொழி இது. வாலை வெட்டினால் உறவும் போய்விடும்.

வெட்டுவதற்கு மாற்று இருக்கிறது: விரித்து எழுதுவது. யானோ, லாங், ராஸ் என்ற மூவர் 1994இல் ஜப்பானியக் கல்லூரி மாணவர்களிடம் ஆங்கிலப் பத்திகளை மூன்று விதமாகக் கொடுத்தார்கள்: மூலம், சுருக்கி எளிமையாக்கியது, கடினச் சொற்களை விட்டு வைத்துப் பக்கத்திலேயே விளக்கம் சேர்த்து விரித்தது. விரித்ததைப் படித்தவர்கள், சுருக்கியதைப் படித்தவர்களைவிடக் குறிப்பிடும்படி பின்தங்கவில்லை. அதோடு, விரித்த பாடத்தில் புதுச்சொற்கள் அப்படியே இருக்கின்றன. சுருக்கிய பாடத்தில் கற்றுக்கொள்ளப் புதிதாக ஒன்றும் மிஞ்சுவதில்லை. பிள்ளைக்குத் தமிழ் வளர வேண்டும் என்று கேட்டீர்களே ஆச்சி, அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் இந்த விரித்தெழுதும் முறைதான். பாடம் நீளமானால் நீளட்டும். புரிகிற இருபது வரியைப் பிள்ளை படித்துவிடும். புரியாத நாலு வரிதான் கசக்கும்.

அதே கல்லின் பின்பாதியை விரித்து எழுதச் சொல்லி, நான் கொஞ்சம் தட்டிச் சரிசெய்தது இப்படி:

"இந்தக் கல்லைச் சூளையில் சுட மாட்டார்கள். சூளை என்றால் செங்கல்லைச் சுடும் பெரிய அடுப்பு. சுடாத கல் எப்படி உறுதியாகும்? முதலில் கல்லைக் காயவிடுவார்கள். அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் போட்டு ஊறவைப்பார்கள். சிமெண்ட் தண்ணீரைக் குடித்து இறுகும். அதனால் சூளை இல்லாமலே கல் உறுதியாகிவிடும். கல்லின் முகம் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டே இருந்தது அல்லவா? கண்ணாடி வழவழப்பாக இருக்கும். அதனால் கல்லின் முகமும் வழவழப்பாக வந்துவிடும். அதற்குத் தனியாக மெருகு போட வேண்டியதில்லை."

மூலத்தின் அந்த இரண்டு வாக்கியத்தைவிட இது நீளம். ஆனால் காரணம் ஒவ்வொன்றும் வெளியே தெரிகிறது. சூளை, மெருகு, உறுதி என்ற சொற்கள் பிள்ளைக்குக் கிடைக்கின்றன. நடுவில் வரும் கேள்வி, அடுத்த வரியை எதற்காகப் படிக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறது.

இப்படி வரவழைக்க ஏஐயிடம் நான் எழுதுவது ஏறக்குறைய இது. நீங்கள் உங்கள் பிள்ளைகளுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

"வெளிநாட்டில் வளரும் பத்து வயதுப் பிள்ளைக்காக எழுது. வீட்டில் பேசும் தமிழ் அவளுக்குப் புரியும், எழுத்துத் தமிழ் புதிது. கீழே உள்ள பத்தியை அவளுக்காக விரித்து எழுது. எந்தத் தகவலையும் விடாதே. சொல்விளக்கம் தவிரப் புதிய தகவல் எதையும் சேர்க்காதே. அதனால், ஆனால், ஏனென்றால், அப்புறம் போன்ற இணைப்புச் சொற்களை விடாதே. நீளம் கூடினால் பரவாயில்லை. எழுத்துத் தமிழ் இலக்கணம் இருக்கட்டும், ஆனால் சொற்கள் வீட்டில் புழங்குபவையாக இருக்கட்டும். 'படுகிறது' என்று முடியும் வாக்கியம் வேண்டாம், யார் செய்கிறார்கள் என்று எழுது. நீண்ட ஒட்டுச் சொல்லைப் பிரித்து எழுது. அச்சு, சூளை, மெருகு ஆகிய சொற்களை மாற்றாதே. ஒவ்வொன்றையும் முதல் முறை வரும்போது அங்கேயே விளக்கு, பிறகு இரண்டு முறையாவது பயன்படுத்து. பாராட்டு வரியும் அறிவுரையும் வேண்டாம்."

இதோடு, அந்தப் பிள்ளை ஏற்கெனவே சிரமமில்லாமல் படித்த பாடம் ஒன்றையும் ஒட்டிவிடுங்கள், "இந்த அளவில் எழுது" என்று சொல்லி. இது ரொம்ப முக்கியம். மொழி கற்பவர்களின் திறனை அளக்க ஐரோப்பியர்கள் வகுத்த ஏ1 முதல் சி2 வரையான படிநிலைகளை ஆங்கிலத்துக்குச் சொன்னால் ஏஐக்கு ஓரளவு பிடிபடும், அந்த நிலைகளில் எழுதிய ஆங்கிலம் குவிந்து கிடக்கிறது. தமிழுக்கு அந்தக் குறியைக் கொடுத்தால் ஏதோ ஒரு யூகத்தில் எழுதும். மாதிரிப் பாடம் கையில் இல்லையென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களைப் பாருங்கள். 2001இல் புலம்பெயர்ந்த தமிழருக்காகவே தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்று தொடங்கியது. மழலைக் கல்வியிலிருந்து படிப்படியாகப் பாடம் வைத்திருக்கிறார்கள். அதில் உங்கள் பிள்ளை எங்கே தடுமாறத் தொடங்குகிறாளோ, அதற்கு ஒரு படி முன்னால் இருக்கும் பாடம்தான் உங்கள் அளவுகோல்.

வந்ததை அப்படியே பிள்ளைக்கு அனுப்பிவிடாதீர்கள். மூலத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்து மூன்று பொருளை மட்டும் தேடினால் பெரும்பாலான கோளாறு பிடிபட்டுவிடும்: எண்கள், எதிர்மறைகள், பெயர்கள். ஆண்டு மாறியிருக்கும். "இல்லை" காணாமல் போயிருக்கும். பெயர்களில்தான் செட்டிநாட்டுக்காரர்களுக்குப் பிரச்சினை அதிகம். நகரத்தாரின் குலக் கோயில்களான நகரக் கோயில்கள் ஒன்பதையும் ஏஐயிடம் கேட்டால் ஏழு சரியாக இருக்கும், மீதி இரண்டு எங்கிருந்தோ வரும். வெளியிலிருந்து தகவல் கொண்டுவர அதை விடவே கூடாது. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் அது வைத்துக்கொள்ளும். எழுதிக் கொடுக்காமல் "கோயில்களைப் பற்றிச் சொல்" என்று கேட்டால்தான் சிக்கல். நம்மைப் போன்ற சின்ன வட்டாரத்தைப் பற்றி அது படித்தது குறைவு, இருந்தும் பெரிய ஊரைப் பற்றிச் சொல்லும் அதே உறுதியோடு சொல்லும்.

எந்தச் சொற்களை மாற்றக் கூடாது என்று நீங்கள் ஒரு பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டும் ஆச்சி. உங்களைத் தவிர வேறு யாரும் அதை எழுத முடியாது. முகப்பு, வளவு, பட்டாலை, இரண்டாங்கட்டு ஆகியவற்றை ஏஐ வாசல், முற்றம், கூடம், பின்பக்கம் என்று மாற்றி எளிமையாக்கிவிட்டதாக நினைக்கும். பிள்ளை விடுமுறைக்கு ஊருக்கு வந்து நிற்கப்போவது வளவில். அங்கே எல்லாரும் சொல்லப்போவதும் அந்தச் சொல்தான். கும்மாயத்தை "ஓர் இனிப்பு" ஆக்கும், கந்தரப்பத்தைப் பணியாரம் ஆக்கும். உறவு முறையில் இன்னும் மோசம். அப்பத்தா, ஆயா, ஐயா எல்லாரையும் பாட்டி தாத்தா என்று இரண்டே பேராகச் சுருக்கிவிடும். அப்பாவைப் பெற்றவள் யார், அம்மாவைப் பெற்றவள் யார் என்று தெரியாமல் அந்தப் பத்தியைப் பிள்ளை படிக்கும். இந்தச் சொற்களை அடைப்புக்குறிக்குள் தள்ளாமல் வாக்கியத்துக்குள்ளேயே விளக்கி விட்டுவிடுங்கள். பிள்ளைக்கு இவற்றில் பாதி ஏற்கெனவே காதில் விழுந்தவை என்பதையும் மறக்க வேண்டாம். அச்சில் பார்க்கும்போது முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

"பேச்சுத் தமிழிலேயே எழுதித் தா" என்று ஏஐயிடம் கேட்கலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. கேட்டுப் பாருங்கள், ஆனால் நம்ப வேண்டாம். சென்னை வழக்கும் சினிமா வழக்கும் எழுத்துத் தமிழும் கலந்த ஒன்று வரும், நம் பக்கத்துப் பேச்சு வராது. அதற்கு உங்களுக்கு ஏஐ தேவையே இல்லை. கட்டுரையில் உள்ள விஷயத்தை உங்கள் வாயாலேயே இரண்டு நிமிடம் சொல்லி, செல்போனில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பிள்ளை முதலில் அதைக் கேட்கட்டும், அப்புறம் விரித்தெழுதியதைப் படிக்கட்டும். விஷயம் காதில் இருந்தால் கண்ணுக்குப் பாதி வேலை மிச்சம்.

தேய்வதைப் பற்றிய பயத்துக்கு இங்கே இன்னொரு பதிலும் இருக்கிறது. விரித்தெழுதியதோடு நிறுத்தினால் பயம் நியாயமானதே. அதே வாரத்தில், சொல் சூடாக இருக்கும்போதே, மூலப் பத்தியைக் கையில் கொடுங்கள். முழுக் கட்டுரை வேண்டாம், ஒரு பத்தி போதும். "சூளையில் சுடப்படாததால்" என்ற சொல்லைப் பார்த்ததும் பிள்ளை தானாக "சுட மாட்டார்கள்" என்பதோடு இணைத்துவிட்டால், எழுத்துத் தமிழின் ஒரு கதவு திறந்துவிட்டது. சில வாரம் போனபின் விளக்கங்களைக் குறையுங்கள். ஒரு கட்டத்தில் ஒட்டுச் சொற்களைப் பிரிக்க வேண்டாம் என்று ஏஐயிடம் சொல்லிவிடுங்கள். அடுத்து, இரண்டு வாக்கியத்தை வினையெச்சத்தால் சேர்க்கச் சொல்லுங்கள். இப்படி ஒவ்வொரு ஊன்றுகோலாக எடுத்துக்கொண்டே போக வேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு வேலையும் கொடுக்கலாம்: ஏஐ ஒற்றை வரிக் கேள்விக்குக் கொடுத்த மோசமான வடிவத்தையும் மூலத்தையும் கொடுத்து, எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சுட்ட கல்லைக் கண்டுபிடித்த பிள்ளை அந்தப் பத்தியை நாம் கேட்காமலே திரும்பப் படித்திருக்கும்.

செய்யுளை மட்டும் எளிமையாக்கக் கொடுக்காதீர்கள். குறளில் ஏழு சீர்தான். அதை எளிமையாக்கினால் குறள் போய்விடும், ஓர் அறிவுரை மிஞ்சும். காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் கம்பன் கழகம் தொடங்கிய நாளிலிருந்து நம் ஊரில் பிள்ளைகள் கம்பனைப் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் காதால் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். பாட்டு அப்படித்தான் ஏறும். பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு, அது எந்தச் சமயத்தில் யார் யாரிடம் சொல்வது என்ற கதையை மட்டும் விரித்தெழுதச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் ஏஐ செய்ய வேண்டும் என்றும் இல்லை. பிள்ளைக்காகவே யோசித்து எழுதிய தமிழ் ஏற்கெனவே இருக்கும்போது, பெரியவர்களுக்கான கட்டுரையைப் போட்டு ஏன் இடிக்க வேண்டும்? நம் இராயவரத்தில் 1922இல் பிறந்த குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பாடல்களில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்காது. பிரதம் புக்ஸ் என்ற பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நான்கு நிலைகளாகப் பிரித்து இலவசமாகக் கிடைக்கின்றன. திறந்த உரிமத்தில் இருப்பதால் மாற்றி எழுதவும் அனுமதி உண்டு. ஆனால் ஆத்தங்குடிக் கல்லும் கண்டாங்கிச் சேலையும் பர்மாவுக்குப் போன கொள்ளுத்தாத்தாவும் அங்கே கிடைக்கமாட்டார்கள். ஏஐயின் உதவி தேவைப்படுவது அந்த மாதிரி இடங்களில்தான்.

உரிமை விஷயத்தில் ஒரு வார்த்தை. ஒரு பத்திரிகைக் கட்டுரையை உங்கள் நாலு பிள்ளைகளுக்காக மாற்றி வாசிக்கக் கொடுப்பது வேறு, அதைத் தொகுத்துப் புத்தகமாகப் போடுவது வேறு. இரண்டாவதற்கு எழுதியவரிடம் கேட்க வேண்டும். பிள்ளைகளின் பெயர், பள்ளி, படம் எதையும் ஏஐயிடம் கொடுக்க வேண்டாம். "பத்து வயதுப் பிள்ளை" என்பதே அதற்குப் போதும். கருவியை நீங்கள் இயக்குங்கள், பிள்ளையிடம் விட வேண்டாம். இந்தச் சேவைகள் பலவற்றுக்கு வயது வரம்பு இருக்கிறது. அது ஒருபுறம் இருக்க, சரிபார்க்கத் தெரிந்த கை உங்களுடையது.

பணம் கட்டத் தேவையில்லை. சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் மூன்றிலும் இலவசமாகக் கிடைப்பதே இந்த வேலைக்குத் தாங்கும். தமிழ் எழுத்தை இந்தக் கருவிகள் ஆங்கிலத்தைவிடப் பொடிப்பொடியாக உடைத்துத்தான் படிக்கின்றன. அதனால் நீண்ட கட்டுரையை ஒரே மூச்சில் கொடுத்தால் இலவச அளவு சீக்கிரம் தீர்ந்துவிடும், கடைசிப் பகுதியில் கவனமும் தளரும். ஒரு தடவைக்கு ஒரு பத்தி கொடுங்கள். ஒரே பத்தியை இரண்டு கருவியிடம் கொடுத்து, இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று பார்த்தால் சரிபார்க்க வேண்டிய இடம் தானாகத் தெரிந்துவிடும். கைபேசியில் தமிழ்த் தட்டச்சு சிரமமாக இருந்தால், மேலே கொடுத்த நீண்ட வேண்டுகோளை ஒருமுறை மட்டும் அடித்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அதை நகலெடுத்து, மாற்றக் கூடாத சொற்களை மட்டும் அன்றைய பத்திக்குத் தக்கபடி மாற்றினால் போதும்.